பத்துவரை எண்ணாத வாப்பாவுக்கு

என் அன்பு வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஊர் ஆண்கள் உங்களை அடக்கிய மையவாடிக்கு வந்து உங்களுக்குச் சலாம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பெண்பிள்ளைகள் நாங்கள் அங்கே வருவதில்லை. கடற்கரைக்குப் போகும்போது மதிலுக்கு இப்பால் நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி. அதனால்தான் எழுதுகிறேன்.

நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காதவள் பத்திரிகையில் கடிதம் எழுதுகிறாளா என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நம் தம்பி றயானைப் போல ஒரு பிள்ளை இந்தக் கரையோரத்தில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. அந்த வீட்டுக்காரர்களும் இதை வாசிக்கட்டும்.

முதலில் நீங்கள் பாண் விற்ற ஆட்டோவின் செய்தி. பேக்கரிக்காரர்கள் அதை ஜாபிர் காக்காவிடம் கொடுத்திருக்கிறார்கள். அதே சிவப்பு ஆட்டோ, அதே கண்ணாடிப் பெட்டி, அஸர் தொழுகை முடிந்ததும் தெருமுனையில் அதே பாட்டு. ஒலிபெருக்கிக்குள் நீங்கள் மடித்துச் செருகியிருந்த அட்டைத் துண்டை யாரோ எடுத்துவிட்டார்கள் போல. இப்போது பாட்டு கரகரவென்று வருகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

றயான் பிறந்த அன்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? நான் கம்பஸில் இரண்டாம் வருடம். எனக்குப் பிறகு இத்தனை வருடம் கழித்து ஒரு பிள்ளை என்று நான்தான் வெட்கப்பட்டேன். நீங்கள் பாண் வாங்க வந்த எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்தார். உம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டா.

நீங்கள் வெளியே வந்து வேப்பமரத்துக்குக் கீழே என்னைக் கூப்பிட்டீர்கள். "மகள், டாக்டர் ஒரு பேர் சென்னாரு. டவுன் சிண்ட்ரோம். நீ படிக்கிறவதானே, அது என்னண்டு பாத்துச் செல்லு."

நான் போனில் தேடி, வாசித்து, எனக்குத் தெரிந்த மாதிரிச் சொன்னேன். உட்காருவது, நடப்பது, கதைப்பது எல்லாம் பிந்தித்தான் வரும். சின்ன வயதிலேயே பயிற்சி தொடங்கினால் நிறையப் பழகுவான். நீங்கள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தீர்கள்.

"அப்ப மெதுவா வருவான். அவ்வளவுதானே? பாண் ஆட்டோ வேகமா ஓடினா ஆரு பாண் வாங்குற?"

நான் உள்ளே போய்ச் சொன்ன அந்த ஒரு சொல்லில் உம்மா சுவர்ப் பக்கமிருந்து திரும்பினா, வாப்பா. அதை நீங்கள் பார்க்கவில்லை. அதற்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

பக்கத்து வீட்டு நூரும்மா சாச்சி, உம்மாவின் தங்கச்சி, "போகப்போகச் சரியா வரும், கண்ணூறுதான்" என்று ஓதின தண்ணி கொண்டுவந்தா. எங்கள் மிட்வைஃப் அக்கா கல்முனையில் உள்ள பயிற்சி நிலையத்துக்குத் துண்டு எழுதித் தந்தா. எதைக் கேட்பது என்று உம்மா முழித்தா. "தண்ணியும் குடிக்கட்டும், பயிற்சியும் செய்யட்டும். ரெண்டும் சண்டை புடிக்காது" என்று சொல்லி, பிள்ளைக்கு முகம் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த நாளிலேயே கொண்டுபோனீர்கள். இன்றைக்கு றயானிடம் இருப்பதெல்லாம் அந்த அவசரத்தால் வந்தது.

நிலையத்தில் சுபா மிஸ். காரைதீவிலிருந்து வருகிறவர். றயானைத் தரைப்பாயில் குப்புறக் கிடத்தி, கழுத்தை நிமிர்த்துகிறானா என்று பார்த்தார். உடம்பு தளர்வாக இருக்கிற பிள்ளை, நிலத்தில் புரண்டு உருண்டுதான் தசைக்கு வலு வரவேண்டும் என்று விளக்கினார். மாதங்கள் போயும் அவனுக்கு வலு வரவில்லை. ஒருநாள் கேட்டார், "வீட்டில இவன ஆர் ஆர் தூக்குறீங்க?"

உங்களுக்கு ஒரே பெருமை. "மிஸ், எங்கட ஒழுங்கையில உம்மாட சகோதரிமாருக்குச் சீதனமாக் குடுத்த வீடு வரிசையா இரிக்கி. ஒருத்திர இடுப்பில இருந்து எறங்கினா மத்தவட இடுப்பு. பொறந்து இன்னைக்கு வரைக்கும் இவன் மண்ணில கால் வெக்கல்ல!"

"அதுதான் ஐயா பிரச்சினை" என்றார் மிஸ்.

உங்கள் முகம் போன போக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அதற்குப் பிறகுதான் எண்ணும் பாடம் வந்தது. அவனுக்குப் பிடித்த சாமானைக் கண்ணுக்கு முன்னால் பிடிக்க வேண்டும். உடனே கொடுக்கக் கூடாது. மனதுக்குள் பத்துவரை எண்ணிப் பொறுக்க வேண்டும். அந்த இடைவெளிக்குள் அவன் கையை நீட்டலாம், சத்தம் போடலாம், இல்லையென்றால் மிஸ் பழக்கிய மாதிரி உள்ளங்கையைத் தட்டி 'தா' என்று காட்டலாம். கேட்பதற்கு இடம் கொடுத்தால்தான் பிள்ளை கேட்கும் என்றார் மிஸ்.

நீங்கள் ஆட்டோவிலிருந்து ஒரு சீனிப் பணிஸை எடுத்து அவன் முன்னால் பிடித்தீர்கள். அவன் உங்களைப் பார்த்தான். நீங்கள் அவனைப் பார்த்தீர்கள். "ஒண்டு, ரெண்டு, பத்து!" என்று பணிஸைக் கையில் வைத்துவிட்டீர்கள்.

"ஐயா!"

"எண்ணிட்டன்தானே மிஸ்?"

வியாபாரத்தில் சில்லறையை அவ்வளவு சரியாகக் கொடுக்கிற மனிதருக்கு இரண்டுக்குப் பிறகு பத்து வருவது எப்படி? கடைசிவரை உங்களால் மூன்றைத் தொட முடியவில்லை. ஆனாலும் உம்மாவும் நானும் எண்ணினோம். அவன் உட்கார்ந்தான், தவழ்ந்தான், சுவரைப் பிடித்து நின்றான். உள்ளங்கையைத் தட்டி முதன்முதலாக எங்களிடம் கேட்டது உங்கள் பணிஸைத்தான். உங்களிடம் மட்டும் அவன் தட்டவே இல்லை. தேவை இருந்தால்தானே?

எனக்கும் நீங்கள் அப்படித்தான். கம்பஸ் விண்ணப்பக் கவுண்டரில் நான் நின்றேன், கதைத்தது நீங்கள். பஸ்ஸில் இறங்கும் இடம் சொன்னது நீங்கள். பட்டமளிப்பு அங்கி எனக்குப் பெரிதாக இருக்கிறது என்று அந்த மண்டபத்தில் சண்டை பிடித்ததும் நீங்கள்தான். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. வாய் திறந்து ஒரு கிளாஸ் தண்ணி கேட்கத் தெரியாதவள்.

ஒழுங்கை முனையிலுள்ள பாலர் பாடசாலை டீச்சரிடம் நீங்களே போய்க் கதைத்தீர்கள். "நடந்து வந்து பாயில இருக்கணும் காக்கா. தண்ணி வேணும், வெளிய போகணும் எண்டு எப்படியாவது காட்டத் தெரிஞ்சாக் காணும். ஜனவரியில எடுக்கிறன்" என்றா. அன்றிலிருந்து வாடிக்கையாளர் எல்லோருக்கும் அதே கதை. ஜனவரியில் மகனை ஆட்டோவில் ஏற்றி, பாட்டைப் போட்டுக்கொண்டு பாடசாலை வாசலில் இறக்குவீர்களாம்.

நோன்புப் பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில், சுபஹுத் தொழுகைக்கு எழும்பிய நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் இருந்தீர்கள். அதற்கு மேல் அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

நீங்கள் போன பிறகு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். உம்மா வெள்ளைப் புடவை கட்டி இத்தாவில் இருந்தா. நாலு மாதமும் பத்து நாளும் வாசலைத் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்கள் முகம் படக் கூடாது. அப்படியென்றால் றயானைக் கல்முனைக்குக் கொண்டுபோவது யார்? என்னைத் தவிர யாரும் இல்லை.

முதல் நாள் பஸ்ஸில் ஒரு பெண் றயானின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தா. "மகனா?" "இல்ல, தம்பி." "மந்தமோ?" நான் யன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். இறங்கும் இடம் வந்தது. "காக்கா, இவடத்த நிப்பாட்டுங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. பஸ் எங்கேயோ தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தியது. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் திரும்பி நடந்தேன். கதையைக் கேட்டுவிட்டு மிஸ் சிரித்தார். "அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே பாடம்தான்."

ஆனால் அன்றைக்கு மிஸ் வெகுநேரம் சிரிக்கவில்லை. பந்தை அவன் முன்னால் பிடித்துப் பார்த்தார். அவன் கையைத் தட்டவில்லை. வாயைத் திறந்துகொண்டு சும்மா இருந்தான். நிற்க வைத்தால் கால்களை மடக்கித் தூக்கச் சொல்லிக் கையை உயர்த்தினான்.

"போன தரம் வரும்போது இப்படி இல்லையே. வீட்டில இவனுக்கு ஆர் ஊட்டுறது?"

"எல்லாரும் மிஸ்."

"எல்லாரும் எண்டா?"

"ஊரே."

அதுதான் உண்மை. வாப்பா இல்லாத பிள்ளை, எத்தீம். எத்தீம் பிள்ளையின் தலையைத் தடவினால் நன்மை என்று நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? இத்தா வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணும் உம்மாவைக் கட்டிப்பிடித்து, "சபூர் செய்ங்க, பொறுமையா இரிங்க, அல்லாஹ் இரிக்கான்" என்று ஆறுதல் சொன்னா. அடுத்ததாக றயானைத் தூக்கி மடியில் வைத்துத் தலையைத் தடவி, வாயில் எதையாவது ஊட்டினா. வட்டிலப்பம், மஸ்கத், பேரீச்சம்பழம். ஒரு மடியிலிருந்து மறு மடி. கால் மண்ணில் படவில்லை, கை எதையும் கேட்கவில்லை. முழு ஒழுங்கையும் உங்களைப் போல எண்ணத் தொடங்கிவிட்டது. அவர்கள் ஒன்றுகூட எண்ணவில்லை.

"இப்ப போற காலம் திரும்பி வராது தங்கச்சி" என்றார் மிஸ். "இந்த வயசில மூளை எடுக்கிற வேகம் பிறகு இல்ல. பழகினதப் பாவிக்காமல் விட்டா அதுவும் கழண்டு போகும். ஜனவரியில பள்ளிக்கூடம் எண்டீங்களே, வீட்டில உள்ளவங்களோட கதையுங்க."

கதையுங்க! என்னிடம் சொல்கிறார், வாப்பா. மிஸ்ஸுக்கு என்னை அவ்வளவாகத் தெரியாது.

உங்களுக்கு நாற்பதாம் நாள் கத்தம் ஓதினோம். முன்பக்கத்தில் ஆண்கள், உள் மண்டபத்தில் பாய் முழுக்கப் பெண்கள். றயான் நடுவில் ஒரு சுற்று வந்துகொண்டிருந்தான், மடி மடியாக. நூரும்மா சாச்சி ஒரு துண்டு மஸ்கத்தை அவன் வாய்க்குக் கொண்டுபோனா. என் வாயிலிருந்து வந்தது எனக்கே தெரியாது.

"குடுக்காதீங்க சாச்சி."

சாச்சியின் கை பாதி வழியில் நின்றது.

"என்னடி புள்ள? வாப்பா இல்லாத புள்ளைக்கு ஊட்ட வேணாமா?"

"அவன் கேக்கட்டும். கேட்டதுக்குப் பொறகு குடுங்க."

பின்னால் இருந்து ஒரு குரல். "கம்பஸ் படிச்சா இரக்கமும் இல்லாமப் போகுமாகா?" இன்னொருத்தி, "எத்தீமைக் கெஞ்ச வெக்கிறதா? எண்ட ரப்பே!"

நீங்கள் பக்கத்தில் இருந்தால் இந்நேரம் நீங்கள் கதைத்திருப்பீர்கள். பத்துவரை எண்ணினேன். எனக்காகத்தான் எண்ணினேன்.

"வந்த எல்லாரும் உம்மாக்கு என்ன செல்றீங்க? சபூர் செய்ங்க எண்டுதானே? அவ இந்த ரூமுக்குள்ள இருந்து சபூர் செய்றா. றயானுக்காக நீங்களும் கொஞ்சம் சபூர் செய்ங்க. அவன் கைய நீட்டுமட்டும். அவன் எழும்பி நிக்குமட்டும். தூக்கினா அவனுக்குச் சுகம், உங்களுக்கு நன்மை. ஆனா அவன் நடக்கமாட்டான். ஜனவரியில அவனப் பாலர் பாடசாலையில விடுறண்டு வாப்பா ஊர் முழுக்கச் செல்லித் திரிஞ்சாரு. உங்க எல்லாருக்கும் தெரியும்."

இவ்வளவையும் சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். அதனால் இது பெரிய வீரம் என்று எண்ணிவிடாதீர்கள்.

சாச்சி கையில் மஸ்கத்துடன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. "கதைக்கத் தெரியாதவ எண்டு இருந்தம். பாரன் இவட வாய!" என்று அந்தத் துண்டைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டா. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். உள்ளே உம்மாவும் சிரித்த மாதிரி எனக்குக் கேட்டது.

அன்றிலிருந்து சாச்சிதான் காவல். யாராவது றயான் பக்கம் குனிந்தால் போதும், "எடுக்காதகா! சபூர் செய்!" என்று ஒரு சத்தம். அவனைத் தடவ வருகிறவர்கள் அவனுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்து தலையைத் தடவ வேண்டும் என்று சட்டமும் போட்டுவிட்டா.

உம்மாவுக்கும் வேலை வந்தது. வெளியே போக முடியாத நாட்களில் அந்த அறையே நிலையமாகிவிட்டது. கட்டில் விளிம்பைப் பிடித்து எழும்ப வைப்பதும், ஒரு கோப்பை அரிசியை மறு கோப்பையில் ஊற்ற வைப்பதும், மிஸ் எனக்குக் காட்டியதை நான் உம்மாவுக்குக் காட்டுவேன். துக்கத்தில் இருக்கிற உம்மா அவன் கொட்டிய அரிசியைப் பொறுக்கிப் பொறுக்கிப் பகலைக் கழித்தா. எங்களைவிட உம்மாதான் சரியாக எண்ணினா.

இனி ஆட்டோவின் கதைக்கு வருகிறேன். நீங்கள் போன பிறகு அந்தப் பாட்டு முதன்முதலாக ஒழுங்கைக்குள் வந்த அன்று, றயான் கேற்றைப் பார்த்துக் கத்திச் சிரித்தான். நீங்கள் இறங்கி வருவீர்கள் என்று பார்த்திருந்தான். இறங்கியது ஜாபிர் காக்கா. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல், காவல் இருந்த சாச்சியே ஓடிப்போய் ஒரு பணிஸ் வாங்கி அவன் கையில் திணித்தா. அவன் அதைத் தின்னவில்லை, கீழே போட்டுவிட்டான்.

சுபா மிஸ்ஸிடம் இதைச் சொன்னேன். "அந்தப் பாட்டு அவனுக்கு அவ்வளவு விருப்பமெண்டா, அதுதான் நமக்குப் பயிற்சி" என்றார். மறுநாள் நானே கேற்றடியில் நின்று ஜாபிர் காக்காவிடம் கேட்டேன். நானே கேட்டேன், வாப்பா. கேற்றுக்கு நேரே நிறுத்தாமல் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள், அவன் வருமட்டும் பொறுங்கள் என்று. "அவர்ட மகனுக்குப் பொறுக்காம வேற ஆருக்குப் பொறுக்கிற?" என்றார் அவர்.

ஒவ்வொரு பின்னேரமும் ஆட்டோ வந்து நிற்கும், பாட்டு கரகரக்கும். றயான் கேற்றுத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பான், தூணை விடமாட்டான். சுற்றிவரப் பாண் வாங்க வந்தவர்கள். "காக்கா, பாண் தருவீங்களா, நாங்களும் நடக்கப் பழகணுமா?" என்று ஒருத்தி. "சின்ன முதலாளி இன்னும் வரல்ல" என்பார் ஜாபிர் காக்கா. சில நாள் றயான் அழுதான். சில நாள் மண்ணில் இருந்து விளையாடிவிட்டு ஆட்டோவைப் பார்க்கவே இல்லை. உம்மா அறைக்குள்ளிருந்து ஒவ்வொரு நாளும் கேட்பா, "வந்தானா?" நான், "நாளைக்கு உம்மா." இனி வரவே மாட்டானோ என்று எனக்கும் மனம் விட்டுப்போன நாட்கள் இருந்தன. ஜனவரி கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தது.

இத்தா முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போது அது நடந்தது. அன்று அவன் தூணிலிருந்து கையை எடுத்தான். ஓர் அடி, மற்றது. மண்ணில் கால் புதைந்து விழுந்தான். வாசல் திரைக்குப் பின்னால் இருந்த சாச்சி பாதி எழும்பிவிட்டா. பிறகு அவ வாய்விட்டு எண்ணும் சத்தம் கேட்டது: "ஒண்டு... ரெண்டு... மூணு..." உங்களுக்கு வராத மூன்று. றயான் இரண்டு கையையும் மண்ணில் ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கி, ஆடி ஆடி எழும்பினான். ஆட்டோவரைக்கும் போனான். கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே நின்று, மண் ஒட்டிய உள்ளங்கையைத் தட்டிக் காட்டினான். தா.

ஜாபிர் காக்கா ஒரு சீனிப் பணிஸ் கொடுத்தார். அவன் அதை இடது கையில் பிடித்தபடி மறுபடியும் தட்டினான். இன்னொன்று கொடுத்தார்.

நான் நினைத்தேன், அங்கேயே இருந்து தின்னப்போகிறான் என்று. அவன் திரும்பினான். என்னைத் தாண்டிப் போனான். கையை விரித்துக்கொண்டு நின்ற சாச்சியையும் தாண்டிப் போனான். சுவரைத் தடவித் தடவி உள்ளே போய், உம்மாவின் அறை வாசலில் நின்றான்.

உம்மாவுக்கு எதுவும் தெரியாது. அந்நிய ஆண் நிற்கிற வாசலை எட்டிப் பார்க்க முடியாது. பாட்டு நின்றதும், ஆட்கள் சத்தம் போட்டதும்தான் அவவுக்குக் கேட்டிருக்கிறது. விழுந்துவிட்டானோ, அடிபட்டானோ என்று வெள்ளைப் புடவையின் தலைப்பைக் கடித்துக்கொண்டு கட்டிலில் இருந்தா. றயான் தள்ளாடிப் போய் ஒரு பணிஸை உம்மாவின் மடியில் வைத்தான். கட்டிலில் சாய்ந்துகொண்டு மற்றதைத் தின்னத் தொடங்கினான்.

உம்மா மண் ஒட்டிய பணிஸைக் கையில் எடுத்துப் பார்த்தா. என்னைப் பார்த்தா.

"நான் கேக்கவே இல்லையே புள்ள" என்றா. "வாப்பாட புள்ளதான்."



வாப்பா, இப்போது அவன் ஒழுங்கை முழுக்க நடக்கிறான். விழுகிறான், எழும்புகிறான். பஸ்ஸில் யாராவது அவன் முகத்தைப் பார்த்தால் நானே முந்திக்கொண்டு சொல்கிறேன்: "டவுன் சிண்ட்ரோம். பயிற்சிக்குப் போறம். உங்கட பக்கத்திலயும் இப்படிப் புள்ள இருந்தா நேரத்தோட கொண்டு வாங்க." போன கிழமை அப்படிச் சொல்லி, வீரமுனையிலிருந்து ஒரு தாய் தன் கைக்குழந்தையை நிலையத்துக்குக் கொண்டுவந்தா. இறங்கும் இடத்தில் என் குரல் கேட்டு கொண்டக்டர் திடுக்கிடுகிறார்.

பாலர் பாடசாலை டீச்சர் வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போனா. அவன் அவவிடம் தண்ணி கேட்டுத் தட்டினான். ஜனவரியில் வரச் சொல்லியிருக்கிறா. ஜாபிர் காக்கா காலையில் ஆட்டோ கொண்டுவருவார். ஒலிபெருக்கிக்குள் வைக்க நான் ஓர் அட்டைத் துண்டு மடித்து வைத்திருக்கிறேன். பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டும், இல்லையா?

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பாடசாலை வாசலில் அவனை இறக்கிவிட்டு நான் தள்ளி நிற்பேன். அவன் திரும்பிப் பார்த்தாலும், அழுதாலும், ஓடிப்போய்த் தூக்க மாட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒன்றையும் விடாமல் பத்துவரை எண்ணுவேன். நீங்கள் தாண்டிவிட்ட எண்களையும் சேர்த்துத்தான் எண்ணுவேன். ஆனால் அவன் யாருக்காவது கேட்காமலே எதையாவது கொடுக்கப் போனால், அதை மட்டும் நான் தடுக்க மாட்டேன்.

உங்கள் துஆவுக்காகக் காத்திருக்கும்,
உங்கள் ஒரே மகளும் றயானின் ராத்தாவுமான
றிஸ்னா